அமிட்ரிப்டிலினா, புளுஒக்சிடீனா, எது கூடக் கரைச்சல்?

மட்டக்களப்புப் பக்கம் டிப்ரெஷனுக்கு வாட்டில கிடக்கிறாக்களிட வீட்டாக்கள் கன பேர் சொல்ற கதை, "அந்தக் குளிசை போட்டதுக்குப் பிறகுதான் ஆள் இப்பிடி" எண்டு. எந்தக் குளிசை எண்டு கேட்டா வெள்ளைக் குளிசையாம். அதில ஆயிரம் கிடக்கு.

டிப்ரெஷனுக்குக் குடுக்கிற குளிசைகள்ல அமிட்ரிப்டிலின் பழைய ஆள், 1960கள்ல இருந்தே பாவனையில இருக்கு. நல்ல நித்திரை தரும், கன பேருக்கு அதுக்காகவே பிடிக்கும். ஆனா வாய் காஞ்சு போகும் (நம்மட வெயிலுக்கு அது பெரிய கொடுமை), மலச்சிக்கல் வரும், கண் மங்கும், புரஸ்டேட் வீக்கமுள்ள வயசாளிக்கு மூத்திரமே அடைச்சிரும். கட்டில்ல இருந்து டக்கெண்டு எழும்பினா பிரசர் இறங்கி விழுந்து இடுப்பெலும்பு முறியவும் கூடும், வாட்டில எண்டா நேர்ஸ்மார் பாப்பாங்க, வீட்ட விடியப்பறம் பாத்ரூமுக்குப் போகேக்க ஆர் பாக்கிற? இதெல்லாத்தையும் விட எனக்குப் பயம், கூடுதலாப் போட்டா இதயத்தையே நிப்பாட்டிரும் எண்டதுதான், அதனால துண்டு வெட்டி (டிஸ்சார்ஜ் பண்ணி) வீட்ட கூட்டிப்போனா ஒரு மாசத்துக் குளிசையை நோயாளிட கையில குடுக்காம வீட்டில ஒராள் வச்சிருந்து குடுக்கோணும்.

புளுஒக்சிடீன் கூடுதலாப் போட்டாலும் அந்தளவு ஆபத்தில்ல. தொடக்கத்தில ஓங்காளம், தலையிடி, நித்திரை குழம்புற, ஒரு பதட்டம், அதனால காலையில போடச் சொல்லுவாங்க. கன காலம் உடம்பில நிக்கிற மருந்து, ஒரு நாள் மறந்தாலும் பரவாயில்ல. தாம்பத்திய ஆசை குறையிறதத்தான் ஒருத்தரும் வாய் திறந்து சொல்லமாட்டாங்க, சொல்லாம ரகசியமாக் குளிசைய நிப்பாட்டிருவாங்க. பிரசருக்கு மூத்திரம் போற குளிசையும் போடுற வயசாளிக்கு இதால இரத்தத்தில உப்புக் குறைஞ்சு ஆள் தடுமாறினா மனநோய் கூடிட்டு எண்டு நினைக்காதீங்க, இரத்தம் செக் பண்ணச் சொல்லுங்க. 25 வயசுக்குக் கீழ எண்டா முதல் சில கிழமை கண்ணுக்குள்ள வச்சுப் பாக்கோணும், தற்கொலை எண்ணம் கூடலாம், அது அமிட்ரிப்டிலினுக்கும் பொருந்தும்.

செர்ட்ரலின் எண்ட குளிசையும் புளுஒக்சிடீன்ட குடும்பம்தான், வயித்தோட்டம் கொஞ்சம் கூட. மிர்டஸபின் எண்ட இன்னொரு டிப்ரெஷன் குளிசை பசியும் நித்திரையும் தரும், நிறை ஏறும், சாப்பிடாம மெலிஞ்சு போனவருக்கு அது லாபம், சீனி வருத்தக்காரருக்கு நட்டம்.

என்னைக் கேட்டா வயசாளிக்கு அமிட்ரிப்டிலின் முதல் தெரிவா வேணாம். எதப் போட்டாலும் தொடங்க முதல், நித்திரை எப்பிடி, தலையிடி இருக்கா, பசி எப்பிடி எண்டு ஒரு கொப்பியில எழுதி வைங்க, ஏனெண்டா இதில பாதி நோயோடயே வந்த ஆக்கினை, பழி மட்டும் குளிசைக்கு. பக்கவிளைவு முதல் நாளே வரும், சுகம் வர ரெண்டு நாலு கிழமை செல்லும், அந்த இடைவெளிக்குள்ளதான் கன பேர் டொக்டரிட்டச் சொல்லாமலே குளிசைய விடுற.