பேசாத இரண்டாவது கம்பி: ஒரு 1986 டகமினேயுடன் ஐந்து வருஷம்

பெரம்பூரில் ஒரு வீட்டு முன்னறையில்தான் இந்த கிட்டாரை முதன்முதலில் பார்த்தேன். விற்றவர் ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். ஞாயிறு காலை சர்ச்சிலும், முகூர்த்த நாள் சாயங்காலங்களில் மெல்லிசைக் குழுக்களிலும் பல வருஷம் வாசித்தவர். பெட்டியின் பூட்டைத் திறக்கும்போதே சொல்லிவிட்டார்: “தம்பி, நல்லாத் தட்டிப் பாத்து எடுத்துக்கோங்க. ரெண்டாவது கம்பி ஆம்ப்ல பேசாது. நான் மறைக்கல. அப்புறம் போன் போட்டுச் சண்டை போடக் கூடாது.”

கறுப்பு டகமினே. கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் உள்ளேயே வைத்த அக்கூஸ்டிக், ஆம்ப்பில் (சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர்) செருகியும் வாசிக்கலாம். ஜப்பானில் செய்தது. உள்ளே கழுத்து வந்து சேரும் மரக்கட்டையில் எட்டு இலக்க எண் குத்தியிருக்கும். அந்தக் காலத்து டகமினேக்களில் முதல் இரண்டு இலக்கம் ஆண்டு, அடுத்த இரண்டு மாதம், அதற்கடுத்த இரண்டு தேதி. செல்போன் டார்ச்சை உள்ளே விட்டுப் பார்த்தேன்: 8604 என்று ஆரம்பித்தது. 1986 ஏப்ரல். இதைப் போய் வின்டேஜ் என்கிறாயே என்று மார்ட்டின், கிப்சன் என்று பழைய அமெரிக்க கிட்டார் வைத்திருக்கும் ஆட்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். என் வயதுக்குப் பக்கத்தில் வரும் எதையும் நான் பழசு என்றுதான் சொல்வேன்.

பழைய அக்கூஸ்டிக்கில் மரத்தை எப்படிப் பார்ப்பது என்பது எல்லாருக்கும் ஓரளவு தெரியும். அதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். பிரிட்ஜின் (முன்பலகையில் கம்பிகள் வந்து முடியும் மரத்துண்டு) பின் விளிம்புக்கு அடியில் மெல்லிய தாளை நுழைத்துப் பார்த்தேன், போகவில்லை; பிரிட்ஜ் பெயரவில்லை. முன்பலகை பிரிட்ஜுக்குப் பின்னால் லேசாகப் புடைத்திருந்தது. நாற்பது வருஷத்தை நெருங்கும் பெட்டிக்கு அது சகஜம். பன்னிரண்டாவது ஃபிரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) தடித்த கம்பியின் உயரம் 3 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. இன்னும் இறக்குவதற்கு, பிரிட்ஜின் மேல் கம்பிகளைத் தாங்கி நிற்கும் மெல்லிய துண்டான சேடிலில் உயரம் மிச்சம் இருக்கிறதா என்பதுதான் முக்கியம், இருந்தது. கழுத்தின் வளைவைச் சரிசெய்யும் டிரஸ் ராட் இரண்டு பக்கமும் திரும்பியது. முதல் மூன்று ஃபிரெட்டில் பள்ளம் விழுந்திருந்தது. கழுத்தில் மாட்டும் கவ்வியான கேப்போவைப் போட்டே காலம் தள்ளியவர் போலிருக்கிறது.

பிக்கப் சங்கதிக்கு வருவோம். நான் எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

சேடிலுக்கு அடியில் ஒரே பட்டையாக ஓடும் பீசோ பிக்கப்தான் நாம் அதிகம் பார்ப்பது. 1970களின் கடைசியில் டகமினே வேறு வழியில் போனது. ஒவ்வொரு கம்பிக்கும் ஒன்றாக ஆறு தனித்தனி பீசோ. அவை பிரிட்ஜுக்கு அடியிலிருந்து மரத்தைத் துளைத்துக்கொண்டு மேலே வந்து சேடிலின் அடிப்பாகத்தைத் தொடும். சேடிலும் ஒரே துண்டு அல்ல. தடித்த நான்கு கம்பிகளுக்கு நீளமாக ஒன்று, மெல்லிய இரண்டுக்கும் குட்டையாக இன்னொன்று. பீசோ காந்தம் இல்லை, அழுத்தம் மாறினால் மின்னழுத்தம் தரும் பொருள். கம்பியின் அதிர்வு சேடில் வழியாக அதன் தலையில் விழ வேண்டும். சேடில் அந்த பீசோவின் தலையைத் தொடவில்லையென்றால் அந்தக் கம்பி ஆம்ப்பில் ஊமை. கையில் வாசித்தால் ஒன்றும் தெரியாது.

பெரியவர் ஏற்கெனவே ஒரு கடையில் காட்டியிருந்தார். பிக்கப் போய்விட்டது, அதன் சிக்னலைப் பெருக்கும் பிரீஆம்ப்போடு சேர்த்து மொத்தமாக மாற்ற வேண்டும், 9,000 ரூபாய் என்று சொல்லியிருக்கிறார்கள். அந்தத் தொகையை விலையில் கழித்துக்கொள்ளவும் அவரே முன்வந்தார்.

நான் பேட்டரியில் ஓடும் சின்ன ஆம்ப் ஒன்றையும், நல்ல நிலையில் இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்த என் சொந்த கேபிளையும் கொண்டு போயிருந்தேன். வீட்டுக்காரர் தரும் கேபிளை நம்பி எதையும் சோதிக்காதீர்கள். செருகி, ஆறு கம்பியையும் ஒரே பலத்தில் ஒவ்வொன்றாகத் தட்டினேன். கார்ட் அடித்தால் இந்தக் குறை காதில் விழவே விழாது, மற்ற ஐந்தும் மூடிவிடும். தனியாகத் தட்டியபோது இரண்டாவது கம்பி பக்கத்து வீட்டில் யாரோ வாசிப்பது மாதிரி கேட்டது. கேட்டதே, அதுதான் விஷயம். அது பக்கத்துத் தலைகள் பிடித்துக்கொடுக்கும் கசிவாக இருக்கலாம். இல்லையென்றால் உயிருள்ள பீசோவின் மேல் பாரம் விழாமல் இருக்கலாம். இரண்டாவது கம்பிக்கு நேரே சேடிலின் மேல்விளிம்பை இடது கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, ஒரு பேனா மூடியால் அதே இடத்தில் மெல்லத் தட்டினேன். டொக் என்று பளிச்சென வந்தது. விரலை எடுத்துவிட்டுத் தட்டினேன், மந்தம். மறுபடி அழுத்தினேன், டொக்.

பீசோ உயிரோடுதான் இருந்தது.

அந்த நேரத்தில் அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. 30,000 கேட்டவர் 21,000க்குக் கொடுத்தார், வாங்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து கம்பிகளைத் தளர்த்தி, குட்டைச் சேடிலைக் குறட்டால் பிடித்து எடுத்தேன். அதன் அடிப்பாகத்தில் பென்சிலை நன்றாகத் தேய்த்தேன், திரும்ப வைத்துக் கம்பிகளை முறுக்கினேன், மறுபடி கழற்றிப் பார்த்தேன். பள்ளத்துக்குள் இரண்டு சின்ன உலோகத் தலைகள். முதல் கம்பியின் தலையில் கரி பிடித்திருந்தது. இரண்டாவது கம்பியின் தலை துடைத்து வைத்த மாதிரி பளபள. என்றோ ஒரு காலத்தில் யாரோ ஆக்‌ஷனை (கம்பிகளின் உயரத்தை) இறக்குவதற்காகச் சேடிலின் அடியை உப்புத்தாளில் தேய்த்திருக்கிறார்கள், கையில் பிடித்தபடியே. நீளமான துண்டாக இருந்தால் அந்தக் கோணல் சமாளித்துப் போயிருக்கும். இது கட்டைவிரல் அகலம்கூட இல்லாத துண்டு, ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது. கண்ணாடி மேல் உப்புத்தாளை ஒட்டி அதன்மேல் தேய்த்தால்தான் அடிப்பாகம் சமமாக வரும். பழைய துண்டை இன்னும் தேய்த்தால் உயரம் போதாது என்பதால் ஒரு எலும்புத் துண்டில் புதிதாகச் செய்துகொண்டேன். கரியைத் துணியால் துடைத்து எடுத்துவிட்டுத்தான் வைத்தேன், பென்சில் கரியில் மின்சாரம் பாயும். செலவு முந்நூறு ரூபாய்க்குள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனது.

மறுநாள் பெரியவருக்குப் போன் போட்டேன். சண்டைக்கு இல்லை. விஷயத்தைச் சொல்லி, பாதித் தொகையாவது தருகிறேன் என்றேன். சிரித்தார். “ஆறேழு வருஷமா அந்தக் கம்பி இல்லாமத்தான் வாசிச்சேன். ஒருத்தரும் கேக்கல. நீங்க வாசிங்க தம்பி.” பணம் வாங்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு ஒரு செட் கம்பியோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

அடுத்த கோளாறு நான் செய்த சோதனையின் ஓட்டையிலிருந்து வந்தது. பேட்டரி ஆம்ப்பைக் கொண்டு போனது தூக்குவதற்கு வசதிதான். ஆனால் கரண்டில் ஓடாத ஆம்ப்பில் எர்த் சம்பந்தப்பட்ட இரைச்சல் சரியாக வெளியே வராது. முதல் நிகழ்ச்சியில் மிக்சரில் செருகியதும் ‘ம்ம்ம்’ என்று ஒரு உறுமல். கிட்டாரில் கேபிள் செருகும் ஜாக்கின் உலோகத்தைத் தொட்டால் அடங்கியது. பிக்கப்பிலிருந்து பிரீஆம்ப்புக்குப் போகும் வயரைச் சுற்றியுள்ள வலைக்கவசம் சோல்டர் விட்டுப்போயிருந்தது, வைத்ததும் சரியாகிவிட்டது. பார்க்கப் போகும் வீட்டில் சுவரில் செருகும் ஆம்ப் ஒன்று கிடைத்தால் அதிலும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். எலக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டர் ஓடிக்கொண்டிருந்தால் இன்னும் நல்லது, அது கிளப்பும் இரைச்சலில் குறை பளிச்சென்று தெரியும்.

மூன்றாவதுதான் என்னை ரொம்பக் குழப்பியது. வாங்கி ஒன்றரை வருஷம் கழித்து, புதிதாகப் போட்ட 9 வோல்ட் பேட்டரி இரண்டு வாரத்துக்குள் செத்துப்போனது. மலிவு பேட்டரி என்று நினைத்து நல்ல அல்கலைன் போட்டேன். அதுவும் போனது. இந்த முறை தேதியைக் குறித்து வைத்திருந்தேன்: பதினொரு நாள். அதற்குள் நான் வாசித்தது மொத்தமே நான்கு மணி நேரம்தான்.

மல்டிமீட்டரை மில்லி ஆம்பியரில் வைத்து, பேட்டரிக்கும் பிரீஆம்ப்புக்கும் நடுவில் தொடராகச் சேர்த்தேன். கேபிள் செருகியிருக்கும்போது 1.8. அது நியாயமான அளவு. கேபிளை உருவினேன். முள் 1.8லேயே நின்றது. அல்கலைன் 9 வோல்ட்டின் கொள்ளளவு ஏறக்குறைய 500 மில்லி ஆம்பியர் மணி. 500ஐ 1.8 ஆல் வகுத்தால் 277 மணி நேரம், அதாவது பதினொன்றரை நாள். என் நாட்குறிப்பும் கணக்கும் அப்படியே ஒத்துப்போனதைப் பார்த்தபோது, கோளாறு என்பதையும் மறந்து கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

காரணம் இதுதான். இந்த மாதிரி கிட்டார்களில் தனியாக ஆன்-ஆஃப் சுவிட்ச் இருக்காது, ஜாக்தான் சுவிட்ச். உள்ளே இருப்பது ஸ்டீரியோ ஜாக். சாதாரண மோனோ பிளக்கைச் செருகினால் அதன் உடம்பு இரண்டு தொடுமுனைகளை இணைத்துவிடும், பேட்டரியின் நெகட்டிவ் கிரவுண்டுக்குச் சேரும், பிரீஆம்ப் விழிக்கும். உருவினால் தூங்கும். என் ஜாக்கின் நட்டு தளர்ந்திருந்தது. அதை நான் வெறும் விரலால் திருகித் திருகி இறுக்கிக்கொண்டிருந்தேன். வெளியே நட்டு சுற்றும்போது உள்ளே ஜாக்கும் சேர்ந்து சுற்றியிருக்கிறது, வயர்கள் முறுக்கிக்கொண்டு ஒரு முனை இன்னொன்றின் மேல் சாய்ந்துவிட்டது. ஆக, கெடுத்தது நானேதான். ஜாக்கைப் புதிதாகப் போட்டேன். இப்போதெல்லாம் நட்டை இறுக்கும்போது உள்ளே ஜாக் திரும்பாமல் ஒரு மெல்லிய கம்பியை அதன் துளைக்குள் விட்டுப் பிடித்துக்கொள்கிறேன்.

வாங்கும் இடத்திலேயே இதையும் பார்த்துவிடலாம். மல்டிமீட்டர் எடுத்துப் போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பிக்கப்பின் மின்தடையை அளக்க மட்டும் முயலாதீர்கள். காந்தச் சுருள் பிக்கப்பில் சில ஆயிரம் ஓம் காட்டும். பீசோ உள்ளே ஒரு கண்டென்சர் மாதிரி, நல்ல நிலையில் இருந்தாலும் மீட்டர் திறந்த சர்க்யூட் என்றுதான் காட்டும். அதைப் பார்த்துவிட்டுப் பிக்கப் போச்சு என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பேட்டரி இருக்கும் இடத்தைத் திறந்து முகர்ந்தும் பாருங்கள். மாசக்கணக்கில் செத்த பேட்டரியோடு கிடந்திருந்தால் தொடுமுனையில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும். மேலே பூத்தது பரவாயில்லை, சுரண்டிவிடலாம். கசிவு சர்க்யூட் பலகை வரை இறங்கியிருந்தால் விலை எவ்வளவு குறைத்தாலும் நான் எழுந்து வந்துவிடுவேன். வால்யூம், ட்ரெபிள் ஸ்லைடர்கள் கரகரப்பது பெரிய விஷயமில்லை. கான்டாக்ட் கிளீனர் அடித்து இருபது முப்பது தடவை ஏற்றி இறக்கினால் பெரும்பாலும் அடங்கும். என்னுடையதில் ட்ரெபிள் மட்டும் நடுவில் ஓரிடத்தில் இன்னமும் இருமுகிறது. அந்த இடத்தில் நிறுத்தாமல் பழகிக்கொண்டேன்.

மூன்றாம் வருஷம் அடித்தொனி மெலிந்துகொண்டே வந்து, பின்னணியில் சீறலும் சேர்ந்தது. அந்த வயது எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர்கள் உள்ளே காய்ந்துபோகும். சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைவீதியான ரிச்சி தெருவில் நான்கு வாங்கினேன், பார்க்கிங்குக்குக் கொடுத்த காசு அதைவிட அதிகம். மாற்றியதும் பேஸ் திரும்பி வந்தது. சோல்டரிங் கை வராதவர்கள் இதைத் தெரிந்தவரிடம் கொடுப்பது நல்லது, பழைய பலகைகளில் செம்புத் தடம் சூட்டில் எளிதாக உரிந்து வந்துவிடும்.

சென்னைக் காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் வீட்டு ஈரமானியில் ஐப்பசி, கார்த்திகையில் 80க்குக் கீழே இறங்குவது அபூர்வம். கிட்டாருக்கு 45 முதல் 55 வரை இதமானது. மழைக்காலத்தில் முன்பலகை ஈரம் குடித்துப் புடைக்கும், ஆக்‌ஷன் ஏறும். உடனே சேடிலைத் தேய்க்கக் கை அரிக்கும். தேய்க்காதீர்கள். தையில் தானே இறங்கிவிடும். அதோடு சேடில் குட்டையாக ஆக ஆக, அதன்மேல் கம்பி மடிந்து இறங்கும் கோணம் குறையும், பீசோவின் மேல் விழும் பாரமும் குறையும், ஆம்ப்பில் சத்தம் மெலியும். என் இரண்டாவது கம்பியை ஊமையாக்கியதும் இப்படிப்பட்ட ஒரு மழைக்கால அவசரமாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் சந்தேகம். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் நான்கு போட்டு, மாதம் ஒருமுறை வெயிலில் காயவைக்கிறேன் (பொட்டலத்தை, கிட்டாரை அல்ல).

சத்தம் எப்படி? பீசோவுக்கே உரிய அந்தப் பிளாஸ்டிக் நெடி இதிலும் உண்டு, வலுவாக அடித்தால் தலைகாட்டும். நடுத்தொனியைக் கொஞ்சம் குறைத்து வாசித்தால் பாடுபவரின் குரலோடு முட்டாமல் பக்கத்தில் நிற்கும். மைக் வைத்த அக்கூஸ்டிக்கின் காற்றோட்டம் இதில் கிடைக்காது, அதை எதிர்பார்த்து வாங்காதீர்கள். ஆனால் தபேலாவும் கீபோர்டும் சேர்ந்து முழங்கும் கல்யாண மண்டபத்தில், மானிட்டருக்கு ஒரு கை தூரத்தில் நின்று வாசித்தும் ஊளையிடாத கிட்டார் இது. ஆறு கம்பியும் தனித்தனியாகக் காதில் விழும்.

ஃபிரெட் வேலை மட்டும் பாக்கி. முதல் மூன்றின் பள்ளம் இன்னும் ஆழமாகிவிட்டது, எஃப் கார்ட் பிடித்தால் முதல் கம்பி இரைகிறது. மாற்றித் தர 6,000 கேட்கிறார்கள். மழை முடியட்டும், பொங்கலுக்கு அப்புறம் கொண்டு வா என்றிருக்கிறார் வேலை செய்பவர்.