தக்கலை வீட்டில் கார் லிஃப்ட்: தரையைப் பற்றிக் கேட்டவர்களும் கேட்காதவர்களும்

விடுமுறைக்கு ஊருக்கு வந்து வீட்டில் கார் லிஃப்ட் (காரைத் தூக்கி நிறுத்தும் இயந்திரம்) வைக்க நினைக்கும் வளைகுடாக்காரர்கள் இதைப் படித்துவிட்டு முன்பணம் கொடுங்கள். நான் மஸ்கட்டில் வாகனப் பராமரிப்பு வேலையில் இருப்பவன். லிஃப்ட் எனக்குத் தினமும் பழகிய சாமான். ஆனால் பணிமனையில் நிற்பதும், குமரி மாவட்டத்து வீட்டு முற்றத்தில் நிற்பதும் ஒன்றல்ல. இங்கே இயந்திரம் வாங்குவது எளிது. அதைத் தாங்கும் தரையும் அதற்கு மேல் வேண்டிய உயரமும்தான் முழு வேலை.

தக்கலை அருகே எங்கள் வீடு 6 சென்டில் இருக்கிறது. அப்பாவின் அம்பாசிடரை விற்க எங்களில் யாருக்கும் மனம் இல்லை. 2014-லேயே உற்பத்தி நின்றுபோன வண்டி. நல்ல நிலையில் ஓடுகிறது. தம்பி தினசரி எடுப்பது வேகன்ஆர். வீட்டுக்கு வரும் முடுக்கில் (குறுகிய சந்தில்) ஒரு வண்டியை நிறுத்தினால் அடுத்த வீட்டுக்காரருக்கு ஆட்டோகூட உள்ளே வராது. ஆகவே ஒன்றின் மேல் ஒன்றாக நிறுத்தும் நான்கு தூண் லிஃப்ட் வைப்பது என்று முடிவு செய்தோம்.

முதலில் பேசிய விற்பனையாளர் தொலைபேசியிலேயே விலை சொன்னார், தள்ளுபடி சொன்னார், வங்கிக் கணக்கு எண்ணும் அனுப்பினார். தரை எப்படி என்று நான் கேட்டதற்கு “எந்தத் தரையானாலும் நிற்கும் சார்” என்றார். அத்துடன் அவரை விட்டுவிட்டேன். அடுத்தவர் சிறிய நிறுவனம். வண்டிகளின் பெயர், கூரையின் உயரம், தரையின் புகைப்படம், வாசல் கேட்டின் அகலம், மின் இணைப்பின் வகை என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாம் கிடைத்த பிறகுதான் விலையே பேசினார். வேலையை அவரிடம் கொடுத்தோம்.

உயரக் கணக்கைச் சொல்கிறேன். கீழே நிற்கும் வேகன்ஆரின் உயரம் 1,675 மி.மீ. மேலே ஏறும் அம்பாசிடர் ஏறத்தாழ 1,600 மி.மீ. நடுவில் மேடையின் கனம், கீழ் வண்டிக்கு மேலும் கூரைக்குக் கீழும் விட வேண்டிய இடைவெளி எல்லாம் சேர்த்து 300 மி.மீ. ஆக 3,575 மி.மீ., அதாவது பன்னிரண்டு அடியைத் தொடும். நம் வீடுகளின் போர்ட்டிகோ பெரும்பாலும் 10 அடி. குறுக்கே பீம் வந்தால் அதற்கும் குறைவு. போர்ட்டிகோவில் இரண்டடுக்கு நிறுத்தம் நடக்காது என்பது அங்கேயே தெரிந்துவிட்டது. வண்டிக்கு அடியில் வேலை பார்ப்பது மட்டுமே நோக்கம் என்றால், மூன்று நான்கு அடி தூக்கும் கத்தரி வகை லிஃப்ட் 10 அடிக்குள் அடங்கும். எங்களுக்கு வீட்டுக்கும் மதிலுக்கும் நடுவில் இருந்த பக்கவாட்டு இடம்தான் வழி. அதற்கு உயரமாக ஷீட் கூரை போட்டோம். பக்கவாட்டில் விட வேண்டிய திறந்த இடம் பற்றி 2019-ஆம் ஆண்டுக் கட்டட விதிகள் இருக்கின்றன. கூரைக்குத் தூண் நடுவதற்கு முன் நகராட்சியிலோ ஊராட்சியிலோ கேட்டுவிடுங்கள்.

இனி தரை. இந்தப் பயணத்தில் நான் மனதார மதிக்கும் ஆள் எங்கள் கொத்தனார்தான். நான் வருவதற்கு முன்பே தளம் போட வேண்டியிருந்ததால் வீடியோ அழைப்பில்தான் பேசிக்கொண்டோம். அவர் கேட்ட முதல் கேள்வி: “மக்களே, செப்டிக் டேங்க் எங்கே கிடக்கிறது?” எத்தனை ஆயிரம் ரூபாய் சம்பளம் வாங்கும் பொறியாளரும் மறந்துவிடக்கூடிய கேள்வி அது. தேடிப் பார்த்ததில், வரைபடத்தில் பின் தூண் வரும் இடத்துக்கு மிக அருகே தொட்டியின் மூடி இருந்தது. அவர் சொற்படி முழு அமைப்பையும் இரண்டு அடி முன்னால் நகர்த்தினோம். பிறகு இண்டர்லாக் கற்களைப் பெயர்த்துப் பார்த்தார். கீழே பாறைப்பொடி, அதற்குக் கீழே செம்மண். லிஃப்டின் தூண்களைத் தரையோடு பிணைக்கும் போல்ட் இண்டர்லாக் கல்லில் பிடிக்காது. டைல்ஸும் அப்படியே, அடியில் மெல்லிய சாதா கான்கிரீட்தான் இருக்கும், துளை போட்டால் டைல்ஸ் விரியும், தூணின் இழுப்பைத் தாங்காது. லிஃப்டும் மேலே நிற்கும் வண்டியும் சேர்ந்தால் ஏறத்தாழ இரண்டு டன். அது முழுக்க நான்கு சிறிய தகடுகள் வழியாகத்தான் தரைக்குப் போகிறது.

செம்மண் கெட்டியாக இருந்ததால் இடித்து இறுக்கி, அதன்மேல் கம்பி கட்டி, 6 அங்குலக் கனத்தில் கான்கிரீட் போட்டார். வயலை நிரத்தி வீடு கட்டியவர்கள் இதே அளவை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த மண் பல ஆண்டுகள் அமிழ்ந்துகொண்டே இருக்கும், பொறியாளரைக் கூப்பிட்டே ஆக வேண்டும். சாக்கு விரித்து நனைத்து, 28 நாள் ஆன பிறகே துளை போட வேண்டும் என்று கொத்தனார் உறுதியாக நின்றார். விடுமுறை குறைவு என்று தம்பி அவசரப்படுத்தியும் அவர் அசையவில்லை. நீங்களும் டிக்கெட் எடுத்த உடனே தளத்தைப் போடச் சொல்லிவிடுங்கள்.

சாமான் நாகர்கோவில் வரை லாரியில் வந்தது. அங்கிருந்து குட்டியானை என்னும் சிறிய சரக்கு வண்டி. முடுக்குக்குள் அதுவும் திரும்பவில்லை. நீளமான மேடைத் தகடுகளைத் தோளில் சுமந்து வந்தார்கள். சுமைக்கூலியை முன்கூட்டியே பேசிக்கொண்டதால் தகராறு எதுவும் இல்லை.

மழைநீர் வழிவதற்காகத் தளத்தில் லேசான சரிவு விட்டிருந்தோம். தூண் நேராக நிற்க வேண்டுமே. தக்கலையில் ஒரு லேத் பட்டறையில் தூணின் அடியில் வைக்க, தூணுக்குத் தூண் வேறு கனத்தில் இரும்புத் தகடு வெட்டித் தந்தார்கள். மாலையில் அளவு கொடுத்தோம், மறுநாள் காலையில் கைக்கு வந்தது. இந்த வேகத்தை நான் மஸ்கட்டிலும் பார்த்ததில்லை.

பொருத்த வந்தவர்களிடம்தான் வருத்தம். சொன்ன நாளில் வரவில்லை. வந்த பிறகு வெறும் மேடையை ஏற்றி இறக்கிக் காட்டிவிட்டுக் கையெழுத்துக் கேட்டார்கள். வண்டி ஏற்றிச் சோதிக்காமல் கையெழுத்துப் போட மறுத்தேன். அம்பாசிடரை ஏற்றினோம். மேடையைத் தாங்கிப் பிடிக்கும் பூட்டு நான்கு தூண்களிலும் ஒரே நேரத்தில் விழ வேண்டும். ஒரு தூணில் மட்டும் தாமதமாக விழுந்தது. தூணின் உச்சியில் இருக்கும் நட்டைத் திருகி, மேடையைத் தூக்கும் இரும்புக் கயிற்றைச் சரிசெய்தார்கள். வெறும் மேடையோடு போயிருந்தால் அந்தக் குறை எங்கள் தலையில் விடிந்திருக்கும்.

வண்டி மேலே நிற்கும்போது எடை மேடையைத் தூக்கும் எண்ணெய் அழுத்தத்தில் நிற்கக் கூடாது, இரும்புப் பூட்டில் உட்கார வேண்டும். அதில் ஒரு சிக்கல் உண்டு. பூட்டிலிருந்து விடுவிக்க மேடையைச் சற்றே மேலே தூக்க வேண்டும், அதற்கு மின்சாரம் வேண்டும். நம் மாவட்டத்துக்கு ஆடி மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. மழை வந்தால் மின்சாரம் போகும். வீட்டு இன்வெர்ட்டரால் 3 குதிரைத்திறன் மோட்டாரைத் தொடங்க முடியாது, ஏனென்றால் தொடங்கும் நொடியில் அது பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். எனவே மின்சாரம் இல்லாதபோது கையால் எண்ணெயை அழுத்தி மேடையைத் தூக்க, தனியாகக் கைப்பம்ப் வாங்கி வைத்தோம். அவசரத்துக்கு வேண்டிய வண்டியை எப்போதும் கீழேயே விடுங்கள். மோட்டாருக்குத் தனி வயர், மின்னோட்டம் மிஞ்சினால் தானே அணைக்கும் தனி எம்.சி.பி. சுவிட்ச், புதிய எர்த் குழி என்று எலக்ட்ரீசியன் கேட்டது எதையும் நாங்கள் குறைக்கவில்லை.

குளச்சலில் இருக்கும் அத்தான் வந்து பார்த்துவிட்டு அவர் வீட்டிலும் வைக்க வேண்டும் என்கிறார். கடலோரத்தில் உப்புக்காற்று இரும்புக் கயிற்றையும் போல்டையும்தான் முதலில் தின்னும். துத்தநாகம் பூசிய பாகங்களாகக் கேட்டு வாங்கும்படியும், கயிற்றுக்குத் தவறாமல் கிரீஸ் போடும்படியும் சொல்லியிருக்கிறேன்.

புதுக் கயிறு முதல் சில வாரங்களில் கொஞ்சம் நீளும். ஆகவே கயிற்றையும் தரை போல்டுகளையும் மறுபடி ஒருமுறை இறுக்க வேண்டும். அதற்கு நிறுவனத்தின் ஆள் வரும் செலவு விலையில் அடங்குமா, தனியா என்பதை முன்பணம் கொடுக்கும்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.