வடலூர் சத்திய தருமச்சாலை: ஒரு வேளைச் சோறும் தீராத ஒரு வாதமும்

கடலூரிலிருந்து விருத்தாசலம் போகும் சாலையும், சென்னையிலிருந்து பண்ருட்டி வழியாகக் கும்பகோணம் போகும் சாலையும் ஒன்றையொன்று கடக்கும் இடத்தில் வடலூர் இருக்கிறது. நெய்வேலிக்கு மிக அருகில் உள்ள ஊர். பேருந்தை விட்டு இறங்கி யாரிடம் கேட்டாலும், வள்ளலார் தொடங்கிய, வருகிறவர்களுக்குக் காசு கேட்காமல் சோறு போடும் தருமச்சாலைக்கு வழி சொல்வார்கள். சோறு கிடைக்கும் இடத்தைப் பற்றிய மதிப்புரை என்றால் விலையையும் சுவையையும் சொன்னால் போதும். இந்த இடத்தைப் பற்றி அப்படி எழுதி முடித்துவிட என்னால் இயலவில்லை. கடவுள் உண்டா என்ற கேள்வியில் எனக்கும் என் தாய்மாமாவுக்கும் இடையே இருபது ஆண்டுகளாக நடந்துவரும் வாதத்தின் நடுவே இந்தச் சாலை வந்து உட்கார்ந்துகொண்டது.

நான் கடவுள் நம்பிக்கை இல்லாதவன். மாமா நாள் தவறாமல் விளக்கேற்றி அகவல் படிக்கிறவர். சென்ற ஆண்டு அம்மா இறந்தபின், ஒருமுறை வடலூருக்கு வந்து பார்த்துவிட்டுப் பேசு என்று அவர் சொன்னார். தைப்பூசக் கூட்டத்தில் எதையும் நிதானமாகப் பார்க்க முடியாது என்பதால் சாதாரண நாள் ஒன்றில் போனோம்.

முதலில் உணவைப் பற்றி. உச்சி வேளைக்குச் சற்று முன்பாகப் போனால் காத்திருக்கும் நேரம் குறைவு. தரையில் வரிசையாகச் சம்மணமிட்டு உட்கார வேண்டும். என் இடப்பக்கம் அழுக்கு வேட்டியோடு ஒரு முதியவர். வலப்பக்கம் கைக்குழந்தையோடு ஓர் இளம்பெண். எதிர்ப் பந்தியில் காரில் வந்து இறங்கிய ஒரு குடும்பம். சோறு, குழம்பு, ஒரு கறி, ரசம், மோர் என்று வந்தன. குழம்பில் காரம் குறைவு, உப்பு அளவாக இருந்தது, சோறு குழையாமல் சூடாக இருந்தது. வீட்டில் நன்றாகச் சமைக்கிறவர்கள் பெரிய கூட்டத்துக்குச் சமைத்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. பரிமாறியவர் முதியவரின் முன் இரண்டு முறை நின்று, இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று கேட்டார். மூன்றாம் முறை கேட்காமலே போட்டார். முதியவர் கையை நீட்டித் தடுக்கவில்லை. விடுதிகளில் காசு கொடுத்துச் சாப்பிட்டபோது அவ்வளவு கவனமாக எனக்கு யாரும் பரிமாறியதாக நினைவில்லை.

பெயர், ஊர், சாதி, மதம் எதையும் ஒருவரும் கேட்கவில்லை. கும்பிட்டுவிட்டு வா என்று சொல்லவும் இல்லை. நம்பாத ஒருவன் கூச்சமின்றி உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்து வர முடிகிற சமயம் சார்ந்த இடங்கள் குறைவு. இது அவற்றில் ஒன்று என்று உறுதியாகச் சொல்வேன்.

சாப்பிட்டபின் மாமா என்னை அடுப்பைப் பார்க்க அழைத்துப் போனார். வள்ளலார் என்று நாம் அழைக்கும் இராமலிங்க அடிகள் 1867 மே 23 அன்று இந்தச் சாலையைத் தொடங்கினார். பக்கத்துப் பார்வதிபுரம் கிராமத்து மக்கள் எண்பது காணி நிலத்தை அவருக்குக் கொடுத்திருந்தார்கள். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணைந்ததில்லை என்பது இவ்விடத்தின் பெருமை. அதனால்தான் அதற்கு அணையா அடுப்பு என்று பெயர். இருபத்தோரு அடி நீளத்துக்குப் பள்ளமாகக் கிடக்கும் அந்த அடுப்பின் முன் நின்றால் முகத்தில் அனல் அடிக்கிறது. விறகுக் கட்டைகள் பாதி கரியாகவும் பாதி சிவப்பாகவும் கிடந்தன. வந்தவர்களில் ஓர் அம்மையார் ஒரு சிறு கட்டையை எடுத்து உள்ளே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

எங்கள் வாதம் அங்கேயே தொடங்கிவிட்டது. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக ஒரு நெருப்பு அணையாமல் இருக்கிறது என்றால் அது அருள் இல்லாமல் வேறென்ன என்று மாமா கேட்டார். தினமும் யாரோ ஒருவர் விறகு வைப்பதால் எரிகிறது, அந்தக் கைகளைத்தான் நான் வணங்குவேன் என்றேன். விறகு வைக்க வேண்டும் என்று அந்தக் கைக்குத் தோன்றுகிறதே, அது எங்கிருந்து வருகிறது என்றார். இந்தக் கேள்வியை எளிதாகத் தள்ளிவிட முடியாது என்று ஒப்புக்கொள்கிறேன். பிறர் துன்பம் கண்டு இரங்கும் குணம், கூட்டமாக வாழ்ந்து பிழைத்த உயிரினத்திடம் தானாக வளர்ந்ததுதான் என்பது என் விடை. எல்லா உயிர்களும் ஒரே ஆண்டவரால் படைக்கப்பட்டவை, ஆகவே அவற்றுக்குள் சகோதர உரிமை இருக்கிறது, ஒருவருக்குத் துன்பம் நேரும்போது மற்றவருக்கு உருக்கம் உண்டாவது அந்த உரிமையால்தான் என்பது வள்ளலாரின் விடை. ஜீவகாருண்ய ஒழுக்கம் என்ற அவருடைய உரைநடை நூல் இந்த இடத்திலிருந்துதான் கிளம்புகிறது. அவருடைய தொடக்கத்தை நான் ஏற்கவில்லை. அவர் போய்ச் சேர்ந்த இடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

அந்த நூலைப் பற்றி இன்னும் சற்றுச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தச் சாலை ஏன் இப்படி நடக்கிறது என்பதற்கான காரணம் அதில்தான் இருக்கிறது. பசி வந்தவனின் உடம்பில் என்னென்ன நடக்கிறது என்று அதில் ஒவ்வொன்றாக எழுதுகிறார்: கண் பஞ்சடைந்து குழிந்து போகிறது, காது கும்மென்று அடைக்கிறது, நா வறள்கிறது. பசியை நேரில் கூர்ந்து பார்த்தவரன்றி வேறொருவர் அப்படி எழுதியிருக்க முடியாது. பசி மிகும்போது மனிதனின் அறிவு மயங்குகிறது, அறிவு மயங்கினால் கடவுள் விளக்கமும் மறைந்துபோகிறது என்பது அவருடைய கருத்து. கடவுளைப் பற்றிப் பேசுவதற்கு முன் சோறு போட வேண்டும் என்பதைக் கடவுள் நம்பிக்கையின் உள்ளேயிருந்தே அவர் நிறுவுகிறார்.

பசி என்பது முன்வினைப் பயன், அதைத் தீர்ப்பது கடவுள் கட்டளைக்கு எதிரானது என்று சொல்கிறவர்களுக்கும் அதில் பதில் இருக்கிறது. குற்றம் செய்தவனைச் சிறையில் அடைத்து விலங்கிடும் தலைவனே தன் சேவகர்களைக் கொண்டு அவனுக்கு உணவும் கொடுக்கச் செய்கிறான் என்று உவமை சொல்கிறார். வினைக் கோட்பாட்டை நான் நம்பவில்லை. ஆனாலும் அதைச் சாக்காக வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறவர்களை அவர்களுடைய மொழியிலேயே மடக்குகிற அந்த வாதத்தைப் படித்தபோது எழுந்து நிற்கத் தோன்றியது.

மக்கள் ஏன் மதத்தை நாடுகிறார்கள் என்ற கேள்விக்கு அச்சம், அறியாமை என்று இரண்டே சொற்களில் நான் விடை சொல்லிக்கொண்டிருந்த காலம் உண்டு. அம்மாவின் நோய் அதை மாற்றியது. மருத்துவர்கள் இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று சொன்ன வாரத்தில், பரிகாரம் செய்து தருவதாகச் சொன்ன ஓர் இடத்துக்கு என் தங்கை அம்மாவை அழைத்துப் போனாள். அந்த ஊரையும் ஆளையும் இங்கே குறிப்பிட விரும்பவில்லை. பன்னிரண்டாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு, நாற்பத்தெட்டு நாளில் எழுந்து நடப்பார்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். முப்பத்தோராம் நாள் அம்மா போய்விட்டார். எனக்கு அந்தப் பணத்தின்மேல் இருந்த கோபம் தணிந்துவிட்டது. அங்கிருந்து திரும்பிய இரவில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, நான் யாருக்கு என்ன கெடுதல் செய்தேன், எனக்கு ஏன் இது என்று கேட்டது மட்டும் தணியவில்லை. கடவுள் உண்டா இல்லையா என்று அவர் கேட்கவில்லை. அவருடைய கேள்விக்கு அறிவியலில் இருக்கும் விடை, காரணம் எதுவும் இல்லை, உயிரணுக்களில் நேர்ந்த பிழை என்பதுதான். அந்த விடை உண்மை. சாகப் போகிறவரின் கையைப் பிடித்துக்கொண்டு அதைச் சொல்ல என்னால் முடியவில்லை. தங்கை செய்தது தவறு என்று அதன்பின் நான் ஒருநாளும் சொன்னதில்லை.

காசுக்கு நம்பிக்கை விற்கும் அந்த இடத்தையும் இந்தச் சாலையையும் ஒன்றாக வைத்து மதம் என்ற ஒரே பெயரால் அழைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அங்கே கேட்டது பணம், கொடுத்தது வாக்குறுதி. இங்கே கேட்டது ஒன்றுமில்லை, கொடுத்தது சோறு. நாத்திகர்கள் மதத்தை எதிர்த்துப் பேசும்போது இந்த வேறுபாட்டைக் காணத் தவறுகிறோம். அதனால் நாம் சொல்வது பாதிப் பேருக்குப் போய்ச் சேர்வதில்லை.

தருமச்சாலையிலிருந்து சற்றுத் தொலைவில் சத்திய ஞான சபை இருக்கிறது. எட்டுப் பக்கம் கொண்ட கட்டடம். 1872 சனவரி 25, தைப்பூச நாளில் தொடங்கப்பட்டது. உள்ளே சிலை கிடையாது. ஒரு விளக்கும் ஒரு கண்ணாடியும், அவற்றை மறைத்து ஏழு நிறங்களில் ஏழு திரைகளும்தான். தைப்பூசத்தன்று ஏழு திரைகளையும் விலக்கி ஒளியைக் காட்டுகிறார்கள். வாயிலில், கொலை புலை தவிர்த்தோர் மட்டுமே உள்ளே புகுதல் வேண்டும் என்று எழுதியிருக்கிறது. நான் மீனும் கறியும் உண்பவன். மாமா வற்புறுத்தவில்லை, நானும் போகவில்லை. பெரியார் இங்கு வந்தபோது அந்தப் பலகையைப் படித்துவிட்டு, தாம் புலால் உண்பவர் என்று சொல்லி வெளியிலேயே நின்றுவிட்டார் என்று இரு தரப்பிலும் சொல்வார்கள். வள்ளலாரின் பாடல்கள் சிலவற்றைத் திரட்டி நூலாக வெளியிட்டவரும் அவர். பொய்யாக உள்ளே போவதைவிட வெளியே நிற்பதே அந்த இடத்துக்குச் செய்யும் மரியாதை என்று எனக்கும் தோன்றியது.

அந்தப் பலகையோடு எனக்கு உடன்பாடு இல்லை. இந்த மண்ணில் உழைக்கும் சாதிகளில் பெரும்பாலோர் புலால் உண்பவர்கள். சாதியைக் கடுமையாகச் சாடிய ஒருவரின் சபை வாயிலில் அவர்களில் பலர் தயங்கி நிற்க வேண்டியிருக்கிறது. ஆயினும் ஒன்றைச் சொல்ல வேண்டும். புலால் உண்பவர்களை வள்ளலார் புற இனத்தார், அதாவது தம் நெறிக்கு வெளியே இருப்பவர்கள், என்று பிரித்தாரே தவிர, அவர்களுடைய பசியைத் தவிர்ப்பதை மட்டும் விலக்கவில்லை. அவருடைய கணக்கில் எனக்கு உரியது சோறு ஒன்றுதான். அந்த ஒன்றை இங்கே எவ்விதக் குறையும் இல்லாமல் கொடுத்தார்கள்.

அவரும் ஒரே இடத்தில் நின்றவர் இல்லை. சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823இல் பிறந்து, சைவப் பாடல்களைப் பாடி வளர்ந்தவர், 1873 அக்டோபரில் வடலூரை அடுத்த மேட்டுக்குப்பத்தில் கொடி ஏற்றிவிட்டுப் பேசியபோது வேதம், ஆகமம், புராணம், இதிகாசம் எதிலும் பற்று வைக்க வேண்டாம் என்றார். சைவத்தில் தமக்கு முன்பு இருந்த பற்றுக்கு அளவே இல்லை என்றும், அதைத் தாம் விட்டுவிட்டதாகவும் அதே பேச்சில் சொன்னார். ஐம்பது வயதில், தம்மை மதித்த கூட்டத்தின் முன் நின்று, முன்பு நான் நம்பியதை விட்டுவிட்டேன் என்று சொல்லும் துணிவு நாத்திகர்களிடமும் அரிது. மூன்று மாதங்கள் கழித்து, 1874 சனவரி 30 அன்று, அதே ஊரில் ஓர் அறைக்குள் போய்த் தாளிட்டுக்கொண்டார். அதன்பின் அவரை யாரும் பார்க்கவில்லை. ஒளியில் கலந்துவிட்டார் என்கிறார் மாமா. நான் அதை ஏற்கவில்லை. அதைப் பற்றி அன்று நாங்கள் அதிகம் பேசவில்லை.

போக விரும்புகிறவர்களுக்குச் சில செய்திகள். இந்தத் தெய்வ நிலையத்தை இந்து சமய அறநிலையத் துறை நிர்வகிக்கிறது. சபையைச் சுற்றியுள்ள பெருவெளி மிகப் பெரியது. நிழல் குறைவு என்பதால் வெயில் காலத்தில் வயதானவர்களோடு போகிறவர்கள் காலையிலேயே போய்விடுவது நல்லது. அந்தப் பெருவெளியில் வள்ளலார் பன்னாட்டு மையம் கட்ட 2024இல் அரசு முனைந்தபோது, நிலம் கொடுத்தவர்களின் வழிவந்த பார்வதிபுரம் மக்கள் எதிர்த்துப் போராடினார்கள். கூட்டம் கூடி நின்று ஒளியைக் காண்பதற்காக விட்ட வெளி வெளியாகவே இருக்க வேண்டும் என்ற அவர்களுடைய வாதம் எனக்கு நியாயமாகப் படுகிறது. காணிக்கையாகப் பணமும் கொடுக்கலாம்; அரிசி, பருப்பு, காய்கறி கொண்டுவந்து கொடுக்கிறவர்களையும் பார்த்தேன்.

அம்மாவின் முதல் ஆண்டு நினைவு நாள் நெருங்கியபோது, திதி கொடுக்க வேண்டும் என்று மாமாவும் தங்கையும் சொன்னார்கள். நான் செய்ய மாட்டேன் என்பது அவர்களுக்குத் தெரியும். இரண்டு நாள் யாரும் எதுவும் பேசவில்லை. பிறகு மூவருமாக இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டைகள் இரண்டை வாங்கிக்கொண்டு மறுபடியும் வடலூருக்குப் போனோம். மூட்டையை உள்ளே இறக்கியபோது, யார் பெயரில் எழுதுவது என்று அங்கிருந்தவர் கேட்டார். மாமா என்னைப் பார்த்தார். நான் அம்மாவின் பெயரைச் சொன்னேன்.