தொப்புள்கொடி ரத்தம்: வங்கிக்கா, குழந்தைக்கா?

நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் பேறுகாலத்துக்குத் தாய்வீடு வந்திருக்கும் பெண்கள் முன் இரு வழிகள்: தொப்புள்கொடி ரத்தத்தைப் பணம் கட்டித் தனியார் ரத்தச் சேமிப்பு வங்கியில் உறையவைப்பது, அல்லது கொடியைச் சற்றுத் தாமதித்து வெட்டி அந்த ரத்தத்தைக் குழந்தைக்கே விடுவது.

அந்த ரத்தத்தின் மதிப்பு உண்மையானது. 1988இல் பாரிஸில், எலும்பு மஜ்ஜை செயலிழக்கும் பரம்பரை நோயான ஃபான்கோனி ரத்தசோகையால் வாடிய சிறுவனுக்குத் தங்கையின் கொடி ரத்தம் செலுத்தப்பட்டது, அவன் பிழைத்தான். ரத்தப் புற்றுநோய்க்கும், தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய்க்கும் இன்று அதன் ஸ்டெம் செல்கள் (புது ரத்த அணுக்களை உருவாக்கும் மூல செல்கள்) பயன்படுகின்றன. ஆனால் கவனியுங்கள், அவனைக் காத்தது உடன்பிறந்தவளின் ரத்தம். தலசீமியாவோடு பிறந்த குழந்தையின் சொந்த ரத்தத்தில் அதே மரபணுக் கோளாறு இருக்கும். சேமித்தும் அந்த நோய்க்கு உதவாது. ஒரு கொடியின் செல்கள் பெரியவர்களுக்குப் பெரும்பாலும் போதுவதுமில்லை. கருவுற்றவளின் பயத்தை வைத்து இதை 'உயிர்க் காப்பீடு' என்று விற்பது எனக்குக் கோபமூட்டுகிறது.

தாமதித்து வெட்டச் செலவே இல்லை. உலக சுகாதார நிறுவனம் ஒரு நிமிடமாவது பொறுக்கச் சொல்கிறது. முதல் சில மாதங்களுக்கான இரும்புச்சத்து குழந்தைக்குச் சேர்கிறது.

மூத்த குழந்தைக்கு இத்தகைய ரத்த நோய் இருந்தால் மட்டும், மருத்துவர் சொல்லி, சேமியுங்கள். மற்றவர்கள் பிரசவ அறைக்குப் போகும் முன்பே, கொடியை உடனே வெட்ட வேண்டாமென்று டாக்டரிடம் கேட்டுவையுங்கள்.