நோட்டில் யாருடைய கையெழுத்து?

என் மகளுக்கு 14 வயதில் கணக்கு டியூஷன் வைத்தோம். இப்போது அவளுக்கு 19. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். பள்ளி முடிவதற்குள் மூன்று ஆசிரியர்களைப் பார்த்துவிட்டோம். முதலாமவரை மாற்ற ஓராண்டு தாமதித்தேன். இரண்டாமவரை நான்கே மாதத்தில் நிறுத்தினேன். மூன்றாமவரையும் அப்படியே அனுப்பிவிடத்தான் நினைத்தேன், நல்லவேளை, செய்யவில்லை.

முதலாமவர் கணக்கில் புலி. அவர் ஒரு தேற்றத்தை விளக்கினால் அடுத்த அறையில் இருக்கும் எனக்கே விளங்கிவிடும். மகளும் ஒவ்வொரு நாளும் "எல்லாம் புரிந்தது அம்மா" என்பாள். தேர்வுத் தாளில் மட்டும் பாதிக் கணக்குகள் இரண்டு வரியோடு நின்றிருக்கும். கவனக்குறைவு என்று அவளைத்தான் திட்டினேன். ஒருநாள் அவளுடைய நோட்டைப் புரட்டியபோது பக்கம் பக்கமாக அழகான கணக்குகள் இருந்தன, அத்தனையும் அவருடைய கையெழுத்தில். ஓராண்டாக என் மகள் ஒரு நல்ல கச்சேரியைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். பாடிப் பார்க்கவே இல்லை.

ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வைப் பிறகு படித்தேன். ஒரு பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்த மாணவர்கள், ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோது, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பழகியவர்கள் அவர்களை முந்திவிட்டார்கள். மகள் சொன்ன "புரிந்தது" பொய்யல்ல. அதற்கு ஐந்து நிமிட ஆயுள், அவ்வளவுதான்.

இரண்டாமவரைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பள்ளியில் கொடுத்த வீட்டுப்பாடத்தை உடன் உட்கார்ந்து முடித்துக் கொடுப்பார். வீட்டுப்பாட மதிப்பெண் ஏறியது, தேர்வு மதிப்பெண் இறங்கியது.

மூன்றாமவர் முதல் நாளே பழைய விடைத்தாள்களைக் கேட்டு வாங்கினார். மதிப்பெண்ணைப் பார்க்கவில்லை, எந்த வரியில் தடம் மாறுகிறாள் என்று தேடினார். சிக்கல் அந்த ஆண்டுப் பாடத்தில் இல்லை, இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய பின்னங்களிலும் குறை எண்களிலும் இருக்கிறது என்றார். பிறகு ஒரு மணி நேரத்துக்கு மூன்றே கணக்குகள். ஒன்றைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வார். அந்த மௌனம் எனக்குத் தாங்கவில்லை. சம்பளம் கொடுத்துச் சும்மா உட்கார வைத்திருக்கிறோமோ என்று தோன்றும். வகுப்பறைகளில் கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பதிலுக்காகச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்றும், மூன்று நொடியாவது காத்திருந்தால் மாணவர்களின் பதில்கள் நீள்கின்றன, சிந்தனையும் கூடுகிறது என்றும் மேரி பட் ரோ என்ற கல்வி ஆய்வாளர் கண்டிருக்கிறார். எங்கள் மூன்றாமவர் மூன்று நிமிடம்கூடக் காத்திருப்பார்.

இரண்டாம் மாதத் தேர்வில் மதிப்பெண் இன்னும் குறைந்தது. தொலைபேசியில் கொஞ்சம் காட்டமாகவே பேசினேன். "எங்கே தவறினாள் என்று அவளிடமே கேட்டுப் பாருங்கள்" என்றார். கேட்டேன். நான்கு இடங்களைக் காரணத்தோடு சொன்னாள். அதுவரை "தெரியாது" என்பதைத் தவிர வேறு பதில் வந்ததே இல்லை. அவளிடம் ஒரு தவறு நோட்டு இருந்தது: என்ன செய்தேன், ஏன் அப்படி நினைத்தேன், எப்படிச் செய்திருக்க வேண்டும். இரண்டு வாரம் கழித்து அதே கணக்கை மறுபடியும் போட வேண்டும். ஏழாவது மாதத்தில்தான் மதிப்பெண் ஏறத் தொடங்கியது.

குறைகளையும் சொல்ல வேண்டும். குறுஞ்செய்திக்கு இரண்டு நாள் கழித்துப் பதில் வரும். நேரம் தவறுவார். நேரத்துக்குள் எழுதி முடிக்கும் பயிற்சியை அவர் தரவே இல்லை. கடிகாரத்தை வைத்துக்கொண்டு நாங்களே செய்தோம். தேர்வுக்கு ஒரு மாதம்தான் இருக்கிறது என்றால் இவரைப் போன்றவர் உதவ மாட்டார்.

தனிப் பயிற்சி எந்தப் பிள்ளையையும் தூக்கிவிடும் என்பதற்கு கல்வி உளவியலாளர் பெஞ்சமின் புளூமின் 1984-ஆம் ஆண்டு ஆய்வைக் காட்டுவார்கள்: தனிப் பயிற்சி பெற்ற சராசரி மாணவர், வழக்கமான வகுப்பில் படித்தவர்களில் 98 சதவீதத்தினரைவிட மேலே இருந்தார். ஆனால் அந்தப் பயிற்சியில் அவ்வப்போது சோதித்துத் தவறுகளைத் திருத்துவதும் சேர்ந்திருந்தது. எங்கள் முதல் இரண்டு ஆசிரியர்களிடம் இல்லாமல் போனது அதுதான்.

கல்லூரி வந்ததும் தேர்ந்தெடுக்கும் வேலை மகளுடையதாகிவிட்டது. அதுவே சரி, 19 வயதுப் பெண்ணுக்கு ஆசிரியர் பார்க்க நான் யார்? முதலாம் ஆண்டில் நேரியல் இயற்கணிதத்துக்கு, அதே பாடத்தை முடித்த மூத்த மாணவி ஒருத்தியிடம் ஆறு வாரம் படித்தாள். போதும் என்று தோன்றியதும் அவளே நிறுத்திக்கொண்டாள். இந்த ஆண்டு புள்ளியியலுக்கு ஒருவரிடம் மாதிரி வகுப்புக்குப் போய்வந்தாள். பெரிய அறிவாளியாம், எல்லோரும் பரிந்துரைத்தார்களாம். எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்தார் அம்மா" என்று நோட்டை நீட்டினாள். மூன்று பக்கமும் அவர் எழுதியது. வேறு ஆள் தேடிக்கொண்டிருக்கிறாள்.