தேதியை ஊகிக்க விடலாமா, வடிவத்தைச் சொல்லிவிடலாமா?

பைத்தான் நிரல்மொழியில் ஒரு ஸ்ட்ரிங்கை, அதாவது எழுத்துத் தொடரை, தேதியாக மாற்ற வேண்டுமென்றால் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைத்தான் கையில் எடுப்போம். மொழியோடு கூடவே வரும் ஸ்ட்ரிப்டைம் ஒன்று. முதலில் நாள், அப்புறம் மாதம், அப்புறம் நாலு இலக்க வருடம், நடுவே சாய்கோடு என்று வடிவத்தை நாமே குறிகளால் எழுதிக் கொடுக்க வேண்டும். தனியாக நிறுவிக்கொள்ளும் டேட்யூட்டில் தொகுப்பின் பார்ஸர் (ஸ்ட்ரிங்கைப் பிரித்துப் படிக்கும் பகுதி) இன்னொன்று. அதற்கு வடிவம் சொல்ல வேண்டியதில்லை, ஸ்ட்ரிங்கைப் பார்த்து அதுவே முடிவு செய்துகொள்ளும். நான் மூன்று வருடம் டேட்யூட்டிலை நம்பி வேலை செய்தேன். இப்போது வெளியிலிருந்து தேதி உள்ளே வரும் எந்த இடத்திலும் ஸ்ட்ரிப்டைம்தான் வைத்திருக்கிறேன்.

எழுதும் எளிமையில் டேட்யூட்டில்தான் முன்னால் நிற்கிறது. ஒரே வரி, எந்தக் குறியையும் நினைவில் வைக்க வேண்டாம். வேகத்தில் ஸ்ட்ரிப்டைம் முந்தும். நிறுவுகிற வேலை ஸ்ட்ரிப்டைமுக்கு இல்லை. ஆனால் தரவை அலசும் பாண்டாஸ் தொகுப்பு இருக்கும் இடத்தில் டேட்யூட்டிலும் கூடவே வந்திருக்கும் என்பதால் அதைப் பெரிய வித்தியாசமாக நான் எடுத்துக்கொள்வதில்லை.

இவை எதுவும் என் முடிவைத் தீர்மானிக்கவில்லை. தீர்மானித்தது ஒரே கேள்விதான்: தேதி தப்பாகப் படிக்கப்பட்டால் அது நமக்குத் தெரியவருமா?

03/04/2021 என்பதை டேட்யூட்டிலிடம் கொடுத்தால், இயல்பாக மாதத்தை முன்னால் வைத்து மார்ச் 4 என்று தரும். எழுதியவர் மனதில் இருந்தது ஏப்ரல் 3 என்றால் அது தப்பு. இதுவரைக்கும் எல்லோருக்கும் தெரிந்ததே. விவகாரம் அடுத்த வரியில்தான் தொடங்குகிறது. அதே கோப்பில் 13/04/2021 என்று வந்தால், 13 என்று ஒரு மாதம் இல்லையே என்று பார்த்து, ஏப்ரல் 13 என்று சரியாகத் தந்துவிடும். ஒவ்வொரு ஸ்ட்ரிங்கையும் அது தனியாகப் பார்க்கிறது, முந்தைய வரியில் என்ன முடிவெடுத்தது என்பது அதற்கு நினைவில் இருக்காது. ஆக, ஒரே ஆள் ஒரே முறையில் எழுதிய ஒரே கோப்பில் சில தேதிகள் ஒருவிதமாகவும் சில வேறுவிதமாகவும் படிக்கப்படும். எர்ரர் வராது, எச்சரிக்கையும் வராது.

எத்தனை தேதிகள் இப்படிப் புரளும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாள் 12-க்குள் இருக்கும் தேதிகள் மாதத்துக்கு 12, வருடத்துக்கு 144. அதில் நாளும் மாதமும் ஒரே எண்ணாக இருக்கும் 12 தேதிகளை எப்படிப் படித்தாலும் ஒன்றுதான். மீதி 132. அதாவது 365 நாட்களில் 132 நாட்கள் இடம் மாறிவிடும், நூற்றுக்கு 36. எல்லாமே தப்பாக வந்திருந்தால் முதல் நாளே பிடித்திருப்போம். நூற்றுக்கு 64 சரியாக இருப்பதுதான் கண்ணை மறைக்கிறது.

எனக்கு அப்படித்தான் நடந்தது. வெளி அலுவலகம் ஒன்றிலிருந்து ரசீது விவரங்கள் தினமும் சிஎஸ்வி கோப்பாக (காற்புள்ளியால் பிரித்த வெறும் உரை) வரும், நாள் முதலில், மாதம் அடுத்து. அதை உள்ளே ஏற்றும் நிரலை (கோட்) நான் எழுதி, மே 20-க்குப் பிறகு வந்த கோப்புகளை வைத்துச் சோதித்தேன். எல்லாத் தேதியும் சரியாக வந்தது. 20-க்கு மேற்பட்ட நாட்கள் வேறு எப்படி வரும் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. ஜூன் 1-ம் தேதி ரசீதுகள் ஜனவரி 6-க்குப் போயின. ஜூன் 2 பிப்ரவரி 6 ஆனது, ஜூன் 7 ஜூலை 6 ஆனது, ஜூன் 12 டிசம்பர் 6 ஆனது. ஜூன் 6 மட்டும் தப்பியது. 13-ம் தேதியிலிருந்து எல்லாம் மறுபடி ஒழுங்காகிவிட்டது. மாதக் கணக்கில் ஜூன் தொகை குறைவாகத் தெரிந்தபோது அந்த மாதம் வேலை மந்தம் போலிருக்கிறது என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொண்டோம். ஜூன் முடியும் நேரத்தில் சக ஊழியர் ஒருவர் டிசம்பர் தேதி போட்ட ரசீது ஒன்றைப் பார்த்துக் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. தேடிப் பார்த்தால், தப்பான வரிகள் எல்லாம் ஒவ்வொரு மாதத்தின் 6-ம் தேதியிலும் வரிசையாக உட்கார்ந்திருந்தன. உங்கள் தரவில் குறிப்பிட்ட ஒரு நாள் மட்டும் எல்லா மாதத்திலும் புடைத்துக்கொண்டிருந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

சரி, புரண்டதைத் திருப்பிப் போட்டால் போதாதா என்று கேட்கலாம். போதும், ஒரு நிபந்தனையோடு. எல்லா வரிகளும் ஒரே வடிவத்தில் வந்து ஒரே பார்ஸர் வழியாக நுழைந்திருந்தால், நாள் 12-க்குள் உள்ளவற்றில் நாளையும் மாதத்தையும் இடம் மாற்றினால் பழைய தேதி அப்படியே கிடைத்துவிடும். ஆனால் எங்கள் அட்டவணையில் கையால் பதிவு செய்த ரசீதுகளும் கலந்திருந்தன. ஜனவரி 6 என்று இருப்பது உண்மையான ஜனவரி 6-ஆ, புரண்ட ஜூன் 1-ஆ என்று பிரிக்க வழியில்லை. மூலக் கோப்புகளை யாரும் அழிக்காமல் வைத்திருந்ததால் முழுவதையும் மீண்டும் ஏற்றிச் சரிசெய்ய முடிந்தது. அவை இல்லாவிட்டால் என்ன செய்திருப்போம் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

‘டேஃபர்ஸ்ட்’ என்ற விருப்பத்தைப் போட்டிருந்தால் இது நடந்திருக்காதே என்பார்கள். நானும் முதலில் அதைத்தான் போட்டேன். அது ஒரு விதி கிடையாது, சாய்வு மட்டும்தான். நாள் முதலில் என்று சொல்லியிருந்தாலும் 04/13/2021 வந்தால் மறுக்காது, ஏப்ரல் 13 என்று தானே திருத்திக்கொள்ளும். அனுப்புகிறவர் வடிவத்தையே மாற்றிவிட்டார் என்பதற்கான முதல் அறிகுறி அந்த இடத்தில் காணாமல் போய்விடுகிறது. இதைவிட மோசம், அதே விருப்பத்தோடு 2021-03-04 என்று கொடுத்தால் ஏப்ரல் 3 என்று வரும். வருடம் முன்னால் நிற்கும் அந்த வடிவத்தில் சந்தேகத்துக்கே இடமில்லை என்றுதான் நாம் எல்லோரும் நம்புகிறோம்.

குறையாக வந்த ஸ்ட்ரிங்கும் அப்படித்தான். 2021-02 என்று மட்டும் கொடுத்தால் நாளை இன்றைய தேதியிலிருந்து எடுத்து நிரப்பிக்கொள்ளும். இன்று 10 என்றால் பிப்ரவரி 10, இன்று 31 என்றால் பிப்ரவரி 28. இரண்டு இலக்க வருடத்தையும் நடப்பு வருடத்துக்கு 50 வருடம் முன்பின்னாக வைத்துத்தான் கணிக்கிறது. அதே கோட், அதே உள்ளீடு, ஓட்டும் நாளைப் பொறுத்து வேறு விடை. சோதனை எழுதி எளிதில் பிடிக்க முடியாத வகைப் பிழை இது.

இந்தத் திசையில் நகர்ந்தது நான் மட்டும் இல்லை. பாண்டாஸ் முன்பெல்லாம் ஒவ்வொரு தேதிக்கும் தனித்தனியாக ஊகித்துக்கொண்டிருந்தது. 2023-ல் வந்த 2.0 பதிப்பிலிருந்து முதல் தேதியைப் பார்த்து ஒரு வடிவத்தை முடிவுசெய்து, அதையே மொத்தப் பத்திக்கும் பொருத்துகிறது. பொருந்தாத வரி வந்தால் எர்ரர். முதல் ஊகம் தப்பாகப் போக இன்னும் வாய்ப்பு உண்டு என்றாலும், பாதியில் கட்சி மாறாது. ஊகிக்கும் கருவி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு எக்செல் கதையும் உண்டு. மார்ச்1, செப்ட்1 என்ற பெயருள்ள மனித மரபணுக்களை அது தேதியாக மாற்றிக்கொண்டே இருந்ததால், மரபணுப் பெயர்களை முடிவு செய்யும் குழு 2020-ல் அவற்றை மார்ச்எஃப்1, செப்டின்1 என்று மாற்றிய செய்தியை வெளியிட்டது.

இனி ஸ்ட்ரிப்டைமின் குறைகள். அதுவும் சத்தமில்லாமல் தப்புச் செய்யும் இடம் ஒன்று உண்டு. மாதத்துக்குச் சிறிய எம், நிமிடத்துக்குப் பெரிய எம். மாற்றிப் போட்டால் 2021-03-04 என்பது ஜனவரி 4, நள்ளிரவு தாண்டி 3 நிமிடம் என்று படிக்கப்படும், எர்ரர் வராது. இரண்டு இலக்க வருடத்தில் 68 வரை 2000-களுக்கும் 69 முதல் 1900-களுக்கும் போகும். 55-ல் பிறந்தவர் 2055-ல் பிறந்தவராகிவிடுவார். வருடம் இல்லாமல் பிப்ரவரி 29 என்று மட்டும் கொடுத்தால் 1900-ஐ வைத்துக்கொண்டு, அது லீப் வருடம் இல்லை என்பதால் மறுத்துவிடும். ஆனாலும் இவை எல்லாம் நாம் எழுதிய ஒரே வரிக்குள் இருக்கும் தப்புகள். ஒருமுறை பார்த்துத் திருத்தினால் முடிந்தது, உள்ளே வரும் தரவைப் பொறுத்து மாறிக்கொண்டிருக்காது.

உண்மையான தொந்தரவு வேறு. ஐந்து இடங்களிலிருந்து ஐந்து வடிவங்களில் தேதி வந்தால் என்ன செய்வது? நான் முதலில் எழுதிய கோட், வடிவங்களை ஒரு பட்டியலாக வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக முயன்று பார்த்தது. ஒன்று தோற்றால் அடுத்தது. இது பார்க்க அழகாக இருக்கும், ஆனால் நாள்-மாதம், மாதம்-நாள் இரண்டும் அந்தப் பட்டியலில் இருந்தால் நாமே ஒரு டேட்யூட்டிலை எழுதிவிட்டோம் என்று அர்த்தம். அதைத் தூக்கிவிட்டு, எந்த இடத்திலிருந்து வருகிறதோ அந்த இடத்துக்கு ஒரே ஒரு வடிவம் என்று அமைப்புக் கோப்பில் எழுதி வைத்தேன். புதிய இடம் சேரும்போது அவர்களிடம் கேட்டு வாங்க வேண்டிய விவரங்களில் தேதி வடிவமும் ஒன்றாகிவிட்டது. கேட்பது கொஞ்சம் சலிப்பான வேலைதான், ஆனால் அந்தக் கேள்விக்கு விடை தெரிந்தவர்கள் அவர்கள் மட்டுமே.

தேதி எழுதுவதற்கான பன்னாட்டுத் தரமான ஐஎஸ்ஓ 8601 முறையில் வருடம்-மாதம்-நாள் என்றே வருவது உறுதியானால் இந்த இரண்டுமே தேவையில்லை. பைத்தான் 3.7-ல் வந்த ‘ஃப்ரம் ஐஎஸ்ஓ ஃபார்மேட்’ வேகமானது, கண்டிப்பானதும்கூட. 3.11-லிருந்து கடைசியில் இசட் (யூடிசி என்ற உலகப் பொது நேரத்தின் குறி) போட்ட நேரங்களையும் ஏற்கிறது. வெளியே எழுதும்போதும் இதே முறைதான் என் தேர்வு, ஸ்ட்ரிங்காக வரிசைப்படுத்தினாலே காலவரிசை கிடைத்துவிடும். ஜாவாஸ்கிரிப்ட் பக்கம் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே 2021-03-04 என்று தேதி மட்டும் கொடுத்தால் அதை யூடிசி நேரமாக எடுத்துக்கொள்ளும். யூடிசிக்குப் பின்தங்கிய நேர மண்டலத்தில் பார்ப்பவருக்கு மார்ச் 3 என்று தெரியும்.

டேட்யூட்டிலை முழுக்கத் தள்ளிவிடவும் இல்லை. புதிதாகக் கையில் கிடைத்த தரவை ஒருமுறை புரட்டிப் பார்க்க இன்றும் அதைத்தான் திறக்கிறேன். பயனர் தன் இஷ்டத்துக்குத் தட்டும் தேதிப் பெட்டிக்கும் அது பொருந்தும், ஒன்று மட்டும் செய்தால்: புரிந்துகொண்ட தேதியை மாதப் பெயரோடு திருப்பிக் காட்டி, சரிதானா என்று கேட்டுவிட வேண்டும். பல மொழிகளில் மாதப் பெயர் வரும் தரவோடு நான் வேலை செய்தது மிகக் குறைவு. ஸ்ட்ரிப்டைம் மாதப் பெயரை லொக்கேல் என்ற மொழி, நாட்டு அமைப்பைப் பார்த்துப் படிப்பதால் அங்கே அதுவும் நிம்மதி தராது. எனவே அந்த வேலைக்கு என் சாய்வை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மாற்றிய பிறகு ஒன்று நடந்தது. கோப்பு அனுப்பும் இடங்களில் ஒன்று, சொல்லாமல் கொள்ளாமல் நாலு இலக்க வருடத்தை இரண்டு இலக்கமாக்கிவிட்டது. ஏற்றும் வேலை இரவில் முதல் வரியிலேயே நின்றது. காலையில் பதிவுக் கோப்பான லாக்கைத் திறந்தால் எந்தக் கோப்பு, எந்த வரி, எந்த ஸ்ட்ரிங் என்று எழுதியிருந்தது. அவர்களுக்கு ஒரு தகவல் அனுப்பினேன். மதியத்துக்குள் சரியான கோப்பு வந்துவிட்டது, அட்டவணையில் ஒரு வரியையும் தொட வேண்டியிருக்கவில்லை.