டபுள் சம்பளமா, காம்ப்-ஆஃபா? தேசிய விடுமுறையிலும் ஷிப்ட் ஓட்டும் நிறுவனங்களுக்கு

தமிழ்நாட்டில் 1958-ஆம் ஆண்டின் தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டப்படி தொழிலாளிக்கு ஆண்டுக்கு 9 நாள் சம்பளத்தோடு விடுமுறை உண்டு. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கும் நிலையானவை. மீதி ஐந்தும் பண்டிகைகள். நிர்வாகம், தொழிலாளர் என இரு தரப்பையும் கலந்து அரசின் ஆய்வாளர் குறிப்பார்.

அன்று வேலை வாங்கினால் இரண்டு வழி. ஒன்று, இரட்டைச் சம்பளம். இன்னொன்று, அன்றைய சம்பளமும் வேறொரு நாளில் சம்பளத்துடன் மாற்று விடுமுறையும் (காம்ப்-ஆஃப்). தேர்வு செய்யும் உரிமை தொழிலாளியுடையது. “இங்கே காம்ப்-ஆஃப் மட்டும்தான்” என்று சுற்றறிக்கை விட்டு முடித்துக்கொள்ளும் நிர்வாகங்கள் தொழிலாளர்களுக்குச் சேர வேண்டியதைப் பறிக்கின்றன.

மாதச் சம்பளம் 18,200 ரூபாய், வகுப்பது 26 நாளால் என்றால் ஒரு நாளுக்கு 700. மாதச் சம்பளக்காரருக்கு விடுமுறை நாளின் 700 ஏற்கெனவே சம்பளத்துக்குள் இருக்கிறது. கூடுதலாகப் போட வேண்டியது இன்னொரு 700. தினக்கூலிக்கு அன்றைக்கு 1,400. ஞாயிறு நீங்கலான நாட்களுக்குத்தான் சம்பளம் என்று வைத்துவிட்டு இங்கே மட்டும் 30-ஆல் வகுத்தால் 606.67 வரும், ஆளுக்கு 93 ரூபாய் குறையும். தகராறு வருவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

காம்ப்-ஆஃப் செலவில்லாதது போலத் தெரியும். கணக்குப் பிரிவு, ஸ்டோர் போன்ற இடங்களில் அது சரி. ஒரு நாள் ஆள் இல்லாவிட்டால் வேலை மறுநாளுக்குத் தள்ளும், அவ்வளவுதான். நூல் மில்லில் சைடர், அதாவது நூற்பு மெஷினைக் கவனிப்பவர், ஒருவர் வராவிட்டால் அந்த இடத்தை நிரப்பியே ஆக வேண்டும். பதலி (மாற்று) ஆள் 700-க்குக் கிடைத்தால் இரண்டு வழியும் சமம். கிடைக்காமல் ஓ.டி.யில் (கூடுதல் நேர வேலை) நிரப்பினால் மணிக்கு 87.50, அதற்கு இரட்டை, 8 மணி நேரம்: 1,400. இரட்டைச் சம்பளத்துக்கான கூடுதல் செலவைப்போல் இரண்டு மடங்கு. ஒரே ஆளை அடுத்தடுத்து இரண்டு ஷிப்ட் நிறுத்தி இதைச் சரிக்கட்டுவது சட்டத்துக்கும் ஒவ்வாது, மெஷின் பக்கத்தில் ஆபத்தும்கூட. ஆகவே காலியாக விட முடியாத இடங்களுக்குப் பணமாகவே பட்ஜெட் போட்டு வையுங்கள். லீவு கேட்பவருக்கு மட்டும், பதலி உறுதியான தேதியைக் கொடுங்கள்.

பேரோலில் (சம்பளக் கணக்கில்) காம்ப்-ஆஃப்தான் அதிகம் தொலைகிறது. மஸ்டரில் (வருகைப் பதிவேட்டில்) ‘வந்தார்’ என்பதற்கான வெறும் ‘பி’ விழுந்தால் விடுமுறையில் வேலை பார்த்த தடயமே இருக்காது. தனிக் குறியீடு வேண்டும். மாற்று விடுமுறை நாளை எல்.ஓ.பி. (சம்பளமில்லா விடுப்பு) ஆக்கிவிடும் மென்பொருளும் உண்டு. காம்ப்-ஆஃப் 60 நாளில் தானாகக் காலாவதியாகும் அமைப்பை உடனே நிறுத்துங்கள்: எடுக்காத நாள் அடுத்த சம்பளத்தில் பணமாகட்டும், வேலையை விட்டுப் போகிறவரின் செட்டில்மென்ட்டிலும் சேரட்டும்.

விடுமுறைக்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே எழுத்தில் நோட்டீஸ் போக வேண்டும். நகல் ஆய்வாளருக்கும் அறிவிப்புப் பலகைக்கும். மே 1 ஷிப்டுக்கு ஏப்ரல் 29-க்குள் கொடுத்துவிடுங்கள். அதே தாளில் ‘பணம் / மாற்று விடுமுறை’ என்று இரண்டு கட்டம் போட்டுக் கையெழுத்து வாங்கினால், பேரோல் ஆள் ஊகித்துப் பதிய வேண்டியிருக்காது.